பன்னிரண்டாவது முக்காலி

எனக்கும் என் சகலைக்கும் ஒரே வீட்டில் பெண் எடுத்தோம் என்பதைத் தவிர வேறு பகை கிடையாது. அக்காளை நான் கட்டினேன், தங்கையை அவர் கட்டினார். எடப்பாடிப் பக்கத்தில் ஒரே தெருவில் இருவரும் தறி போட்டிருந்தோம். அவர் நெய்த சேலையில் கரை ஒரு நூல் கோணாது. அவர் வீட்டு எருமை வருஷம் தவறாமல் கன்று போடும். கோயிலில் அவர் பாடினால் பெண்கள் பக்கம் தலைகள் நிமிரும். எனக்கு வயிறு எரியும். இந்த வயதில் மறைத்து என்ன ஆகப்போகிறது? எரிந்தது, அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் எங்களைப் போல வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கொஞ்சம்தான். பெரிய வியாழன் சாயங்காலம் சாமியார் பன்னிரண்டு ஆண்களை முக்காலிகளில் வரிசையாக உட்கார வைத்துக் கால் கழுவுவார். அவர்கள்தான் ஆண்டவரின் சீடர்களான பன்னிரண்டு அப்போஸ்தலர்கள். மற்ற ஊர்களில் வருஷத்துக்கு வருஷம் ஆள் மாறுவார்களாம். எங்கள் ஊரில் ஒரு தடவை உட்கார்ந்தவருக்குச் சாகும்வரை அந்த முக்காலிதான். முக்காலியோடு அந்த அப்போஸ்தலரின் பெயரும் ஒட்டிக்கொள்ளும். மளிகைக் கடைக்காரர் இராயப்பர். சாயம் போடுகிறவர் அருளப்பர். “சந்தியாகப்பர் ஊட்டு நாய் கடிச்சுப்போட்டுது” என்று இந்துத் தெருவிலும் சொல்வார்கள்.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலத்தில் பன்னிரண்டாவது முக்காலிக்காரர் இறந்துபோனார். கோயில் மணி அடித்துவந்த கிழவர் அவர். அவரை மட்டும் எல்லோரும் மணிக்காரர் என்றே கூப்பிட்டுப் பழகியதால், கடைசி முக்காலி எந்த அப்போஸ்தலருடையது என்று யாரும் யோசித்ததில்லை.

அந்த இடம் எனக்கு வேண்டும் என்று சாமியாரிடம் போய்க் கேட்டேன். நான் உட்கார்ந்திருக்க என் சகலை நின்று பார்க்க வேண்டும். பக்தி என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். சாமியார் சிரித்துவிட்டு, தெருவில் நாலு பேர் என் சகலையைச் சொல்கிறார்கள், குருத்து ஞாயிறு அன்று இரண்டு பெயரையும் எழுதிச் சீட்டுப் போட்டுவிடலாம் என்றார். நாள் முழுதும் தறிக்குழிக்குள் கிடக்கிற கால் என் கால். சீட்டு விழும் முன்பே அதைச் செங்கல் துண்டால் மூன்று நாள் தேய்த்து வைத்தேன். “கழுவற காலை எதுக்குங்க கழுவறீங்க?” என்று என் மனைவி கேட்டாள். அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் செம்புக்குள் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்தார். சகலையின் பெயர்.

பிறகு பிரசங்கம் செய்தார். ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் கயிற்றில் தொங்கியதும் பன்னிருவரில் ஓர் இடம் காலியாயிற்று. இரண்டு பேரை நிறுத்திச் சீட்டுப் போட்டார்கள். மத்தியாஸ் பேருக்கு விழுந்தது. அப்போஸ்தலர் என்றால் அனுப்பப்பட்டவர் என்றுதான் அர்த்தம், ஒரு சேதியைக் கொண்டுபோகிறவர் எவரோ அவரே அப்போஸ்தலர், முக்காலி பெரிதல்ல என்றார். எனக்குத் தைலம் தடவுகிறார் என்று புரிந்தது. பூசை முடிந்து எல்லோரும் போனபின் அவரிடம் போனேன்.

“சீட்டு உழுகாத அந்த இன்னொருத்தரு அப்புறம் என்ன ஆனாருங்க, சாமி?”

“அவரைப் பற்றி வேதத்தில் அதற்குமேல் ஒன்றும் எழுதவில்லை” என்றார்.

பெரிய வியாழன் அன்று கடைசி வரிசையில் நின்று பார்த்தேன். சாமியார் மண்டியிட்டு வலது காலை மட்டும்தான் கழுவினார். நான் இரண்டையும் தேய்த்திருந்தேன். கழுவி முடித்ததும் ஆளுக்கொரு ரொட்டி கொடுப்பார்கள், சாமியார் வீட்டுக் குசினியில் சுட்டது. சகலை அதை நேராக என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

“ஏனுங்கண்ணா, இது உங்களுக்கு உழுந்திருக்கோணும். பாதி உங்களுதுங்க” என்று பிட்டுக் கொடுத்தார்.

ஒருசந்தி விரதம் இருந்த பசி. கருப்பட்டிக் காப்பியில் தோய்த்துத் தின்றேன். நல்ல ரொட்டி. அதுவும் எனக்கு ஆத்திரமாக இருந்தது. என்னைத் திட்டியிருந்தால், ஒரு பார்வை பார்த்துச் சிரித்திருந்தால்கூட ஆறியிருக்கும்.

ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை பாவடியில் நெசவுப் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தோம். தெருவே நிற்கும் இடம் அது. என் பக்கத்தில் நின்றவர் புது அப்போஸ்தலருக்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டார். மத்தியாஸ் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

“எண்ணிப் பாருங்க. பன்னெண்டாவது முக்காலி யாருது? யூதாஸ் எந்திரிச்சுப் போன முக்காலிங்க அது” என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பாவின் அந்த முனையில் இருந்தவர் என்னவென்று கேட்டார். மதியத்துக்குள் சந்தைவரை போய்விட்டது. அடுத்த ஞாயிறு சாமியார் கோபத்தோடு, அது மத்தியாஸ் உட்கார்ந்த இடம் என்று பிரசங்கத்தில் விளக்கினார். அதுவரை கேள்விப்படாதவர்களும் அன்று கேள்விப்பட்டார்கள்.

முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு ஓமலூரில் சகலையின் மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த சம்பந்தத்தில், யூதாஸ் வீட்டிலா பெண் எடுப்பது என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். விளையாட்டுக்குக் கேட்டார்களோ நிஜமாகவோ, அந்தப் பேச்சு நின்றுபோயிற்று. அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்து பெரியம்மா மடியில் படுத்து அழுதாள். நான் தறியைவிட்டு எழவில்லை.

சகலை தறியைக் கழற்றிப்போட்டுவிட்டு அணை வேலைக்குக் குடும்பத்தோடு மேட்டூர் கிளம்பினார். சொல்லிக்கொள்ள வந்தபோது என் முகத்தைப் பார்த்து, “யாரு கெளப்பிவிட்டாங்கன்னு நான் கேக்கலைங்கண்ணா” என்றார். என் மனைவி என்னைப் பார்த்தாள். தங்கையை வண்டியேற்றிவிட்டு வந்தவள் அன்று ராத்திரி எனக்குச் சோறு போடாமல் படுத்துக்கொண்டாள்.

மறு வருஷம் சீட்டுப் போடவில்லை. அன்றைக்கு நின்ற இரண்டு பேரில் ஒருவர் போய்விட்டார், மற்றவர் உட்காரட்டும் என்று சாமியார் சொல்லிவிட்டார். உட்கார்ந்தேன். வலது காலில் தண்ணீர் விழுந்தபோது நிற்கிறவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். யார் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேனோ அவர் மட்டும் அங்கே இல்லை. ரொட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாதி பிட்டு மனைவியிடம் நீட்டினேன். அவள் கை நீட்டவில்லை. நான் ஒருவனே தின்றேன்.

அந்தப் பெயர் சகலையோடு மேட்டூர் போய்விட்டது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். முக்காலியோடு ஒட்டுகிற பெயர் என்பதை எனக்கு யாரும் நினைவுபடுத்தவில்லை. ஒரு வாரம் கழித்துக் காலையில் தறிக்குழிக்குள் இருந்தேன். கிணற்றடியிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள்.

“ஏனுங்க, யூதாஸ் ஊட்டம்மிணி, கவுறு தர்றீங்களா?”

மிதியை நிறுத்தினேன். என் மனைவி வாய்க்காரி. தெருவையே இரண்டாக்கிவிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் அடுப்படியிலிருந்து எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த கயிற்றை எடுத்துக்கொண்டு, என்னைத் தாண்டி வாசலுக்குப் போனாள்.

“இதா வாரேனுங்க” என்றாள்.