பாரம் அடுக்கும் மேசையில் பிரியாணி

எங்கள் பதிப்பகத்தில் புத்தகம் பிறக்கும் நாளில் பிரியாணி உண்டு. புதுக்கோட்டையில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கடையைத் தொடங்கிய என் தாத்தா காலத்து வழக்கம் அது. பதினாறு பக்கங்களாக மடித்த தாளைப் பாரம் என்போம். பாரங்களை நீள மேசையில் வரிசையாகக் குவித்துவிட்டால், சொந்தக்காரர்கள் மேசையைச் சுற்றி நடந்து குவியலுக்கு ஒன்றாக எடுத்து அடுக்குவார்கள். ஒரு சுற்றுக்கு ஒரு புத்தகம். என்னென்னவோ மெஷின் வந்த பிறகும் இந்தச் சுற்றலை மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. பிரியாணியை எப்படி விடுவார்கள்?

தாத்தா பத்திரிகையோடு நின்றார். அத்தா, அதாவது என் அப்பா, பள்ளிக்கூடக் கைடு போட்டு அறந்தாங்கி வரைக்கும் கடைகளைப் பிடித்தார். ஆஃப்செட் மெஷின், மாடிக் கட்டடம் எல்லாம் கைடு கொடுத்ததுதான். எனக்கோ கைடைக் கண்டாலே கொட்டாவி வரும். ஜனங்கள் ஆசையாக எடுத்துப் படிக்கிற புத்தகம் போட வேண்டும் என்று அத்தாவை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் இறங்கி வந்தார்.

"ஒரே ஒரு புத்தகம் போட்டுக்க. அது போகலைன்னா பேசாம கைடு வேலையப் பாக்கணும். சம்மதமா?"

சம்மதம் என்றேன்.

ஜெகதாப்பட்டினத்தில் எங்களுக்குத் தூரத்துச் சொந்தமாக, அக்கா முறையில், ஒரு லாத்தா இருக்கிறார். நன்றாகச் சமைப்பார், அதைவிட நன்றாகப் பேசுவார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதி, கடற்கரைச் சமையல் புத்தகம் ஒன்று தயாரானது. புத்தகத் திருவிழாவில் வெளியீடு.

மேடையில் லாத்தாவே மைக்கைப் பிடித்து மீன் குழம்பு பக்கத்தை வாசித்தார். "மீன் துண்டுகளைப் போட்டு, ஒரு கொதி வந்ததும்..." பக்கத்தைத் திருப்பினார். "பொடித்த வெல்லத்தைச் சேர்த்து, நெய்யில் வறுத்த முந்திரியைத் தூவவும்."

ஒரு நிமிஷம் புத்தகத்தையே முறைத்தார். பிறகு மைக்கில் சொன்னார்: "இப்படிக் குழம்பு வச்சா, எங்க வீட்டுக்காரரு போட்டைத் திருப்பிக்கிட்டு மறுபடி கடலுக்கே போயிருவாரு."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு மட்டும் அழுகை முட்டியது. நடந்தது என்னவென்று உடனே விளங்கிவிட்டது. அடுக்குகிற மேசையிலேயே சாப்பாடும் போடுவோம். இந்தப் புத்தகத்தை அடுக்கிய அன்று பிரியாணிக்காகக் குவியல்களை நகர்த்தியவர்கள், திருப்பி வைக்கும்போது இரண்டை இடம் மாற்றிவிட்டார்கள். சாப்பிட்ட பிறகு அடுக்கியதில் எல்லாம் மீன் குழம்பு பாயசத்தில் போய் முடிந்திருக்கிறது. முன்வரிசையில் அத்தா சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

என் ஆசைக்கு அன்றோடு மூடுவிழா என்றே நினைத்தேன். ஆனால் வெல்லம் போட்ட மீன் குழம்பு எங்கே என்று கேட்டு, எங்கள் ஸ்டாலுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தப்பான பிரதி, நாளைக்கு நல்லது தருகிறோம் என்றால், "நல்லதும் குடுங்க, இதுவும் இருக்கட்டும்" என்றார் ஓர் அம்மா. அத்தா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் சொந்தமெல்லாம் திரும்பவும் கூடியது. மிச்சப் பிரதிகளின் அட்டையை உரித்து, பாரங்களைப் பிரித்து, மறுபடியும் மேசையைச் சுற்றினோம். எல்லோரும் ஒருவரையொருவர் கிண்டல் செய்தபடியே சுற்றினார்கள். மதியம் பிரியாணி வந்து இறங்கியது. பழக்க தோஷத்தில் என் மாமா ஒரு குவியலை நகர்த்தக் கை வைத்தார்.

"யாரும் பாரத்தைத் தொடாதீங்க!" அத்தா போட்ட சத்தத்தில் மாமா கையை இழுத்துக்கொண்டார். "சோறு மாடியிலதான். இன்னைக்கும் மாடியிலதான், இவ போடப்போற அடுத்த புத்தகத்துக்கும் மாடியிலதான்."

அடுத்த புத்தகம். நான் அத்தாவைப் பார்த்தேன். அவர் என் பக்கமே திரும்பாமல், சட்டியைத் தூக்க ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் எனக்குப் பசியே போய்விட்டது. ஆனாலும் மாடிக்குப் போய் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.