மூன்றாவது டிஸ்க்

எங்கள் மலையில் இடி உறுமினால், சாமியை நினைப்பதற்கு முன்னால் எல்லோரும் ஒயரை நினைப்பார்கள். சுவரில் செருகியிருப்பதையெல்லாம் பிடுங்கிப் போடுவது இங்கே வழக்கம். அன்று மத்தியானம் வானம் ஒரு உறுமல் உறுமியதும் நானும் பிடுங்கினேன். பிரிட்ஜ், டிவி, மிக்சி. அதே வேகத்தில், ஓடிக்கொண்டிருந்த சர்வரையும்.

சர்வர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு பழைய கம்ப்யூட்டர், உள்ளே மூன்று ஹார்ட் டிஸ்க். மூன்றையும் சேர்த்து ஒரே டிஸ்க் போலக் காட்டும் சாப்ட்வேர் போட்டிருந்தேன். எந்த வீடியோ எந்த டிஸ்கில் உட்கார வேண்டும் என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். வேண்டிய போல்டருக்கு இன்னொரு டிஸ்கில் நகலும் வைக்கும். நான் சினிமாக்களுக்கு நகல் வைத்தேன். மனைவியின் வீடியோக்களுக்கு வைக்கவில்லை. அசல் அடுப்படியில் நடமாடிய காலத்தில் செய்த ஏற்பாடு அது. நகல் எதற்கு?

மழை விட்டதும் போட்டுப் பார்த்தால், மூன்றும் சேர்ந்த அந்த ஒரே டிஸ்க்கைக் காணவில்லை. உள்ளே ஏதோ ஒன்று 'கடக், கடக்' என்று பல்லைக் கடித்தது. கம்ப்யூட்டருக்கு விபூதி பூசிய ஒரே கணக்கு வாத்தியார் நானாகத்தான் இருப்பேன்.

எங்கள் வீட்டில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியருகே மட்டும்தான் சிக்னல் வரும். ஏறி ஓடி, பெங்களூரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டேன்.

“இன்னாப்பா, நாய் தொரத்துதா? இப்பிடி மூச்சு வாங்கற?”

“அம்மா போய்ட்டாம்மா.”

“அம்மா போயி மூணு வருசம் ஆவுதுப்பா.”

“வீடியோல இருக்கற அம்மா.”

“மொதல்ல உக்காரு. எதையாவது நோண்டினியா?”

“விபூதி பூசினேன்.”

“டிஸ்க்குக்கா?”

“பொட்டிக்கு.”

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. “நல்லா கீற டிஸ்க்க கழட்டி லேப்டாப்ல மாட்டு. அந்த சாப்ட்வேர் எந்த வீடியோவயும் துண்டு போடாது, முழுசா வெக்கும்னு நீதான பீத்திக்கின? உள்ள எங்கனா ஒளிஞ்சிருக்கும், தேடு.”

ஒளிந்துதான் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு போல்டருக்குள், முழுசு முழுசாக. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மறுபடி தொட்டிக்கு ஓடி, மகளைக் கூப்பிட்டு, போனை அதன் பக்கத்தில் வைத்து மனைவியின் வீடியோ ஒன்றைப் போட்டேன்.

“அந்தப் போன வெச்சிட்டு புளிய அள்ளுங்க, தூறல் வுழுது. படம் புடிக்கறாராம், படம்!”

பெங்களூரில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

“மறுபடி போடுப்பா.”

போட்டேன். இன்னொரு தடவையும் திட்டு வாங்கினேன்.

இரண்டு டிஸ்கில் இருந்ததெல்லாம் பிழைத்தது. பல்லைக் கடித்த மூன்றாவது, கடைசி வரை வாயைத் திறக்கவில்லை.

“அதுல எதெல்லாம்பா போச்சு?” என்றாள் மகள்.

எனக்குத் தெரியவில்லை. எதை எங்கே வைத்தது என்று அந்த சாப்ட்வேர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. மகளுக்கு மீட்டிங், போனை வைத்துவிட்டாள். நான் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்து யோசித்தேன். ஒருநாள் கையெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் அறுத்த மனைவி, என்னவோ சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அதைப் படம் பிடித்தேனா, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேனா?