சாமி பிரசாதமும் ஓர் ஊசியும்

தனேஸ்வரி மலேசியாவில் சுங்கை ஆயர் தாவார் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்தவள். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், படிப்பு நின்றது. தோட்டத்தில் செம்பனையின் உதிரிப் பழம் பொறுக்கினாள். இப்போது பள்ளிக் கேண்டீனில் தட்டு கழுவுகிறாள்.

மகள் விஷாலினிக்குப் பதினொரு வயது. உயரம் ஏழு வயதுப் பிள்ளை அளவு. "அப்பன் ஆத்தா ரெண்டும் கட்டை, புள்ள மட்டும் நெட்டையா வருமா லா?" என்று லயமே சிரித்தது. கிளினிக்கிலும் அதையேதான் நாகரிகமாகச் சொன்னார்கள். நான்கு வருடம் விடாமல் போய் நின்ற பிறகே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்கள்.

அங்கே ஒரு சோதனை. செயற்கை ஹார்மோன் ஒன்றை ஊசியில் ஏற்றுவார்கள். அது மூளைக்கடியில் இருக்கும் சுரப்பியைத் தூண்டும். கால் மணிக்கொரு தரம் இரத்தம் எடுத்து, வளர்ச்சி ஹார்மோன் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். வெறும் வயிறு கட்டாயம். இனிப்பு உள்ளே போனால் சுரப்பி அடங்கிவிடும், முடிவு தப்பாக வரும். நான் தனேஸ்வரி புருஷனுக்குப் பெரியம்மா, முதியோர் இல்லத்தில் இருபது வருடம் நோயாளிகளைப் பார்த்தவள். ஒன்றும் கொடுக்காதீர்கள் என்று இருவரிடமும் மூன்று முறை சொல்லியிருந்தேன். சோதனையன்று கூடவே போனேன்.

தாதி விஷாலினியிடம் கேட்டார்: "காலையில ஏதாச்சும் சாப்பிட்டியாம்மா?"

"இல்ல. சாமி பிரசாதம் மட்டும்."

எங்களைக் காரில் ஏற்றுவதற்கு முன்பே அப்பன் அர்ஜுனன் பிள்ளையைத் தோட்டத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் பஞ்சாமிர்தம் ஊட்டியிருக்கிறான்.

"பிரசாதம் சாப்பாட்டுல சேருமா பெரியம்மா?" என்று என்னிடமே கேட்டான்.

"வாழைப்பழம், சீனி, தேன். சாமிக்குப் படைச்சா சீனி உப்பாயிருமாடா?"

ஊசி போடவில்லை. அடுத்த தேதி நான்கு மாதம் கழித்து. பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் எலும்பு வளரும் காலம் சீக்கிரம் முடிந்துவிடும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார்.

தனேஸ்வரி அழவில்லை. நேராகக் கவுண்டருக்குப் போனாள். "யாராச்சும் வரலன்னா என்னைக் கூப்பிடுங்க." வாராவாரம் திங்கட்கிழமை போன் அடித்தாள். ஏழாவது வாரம் இடம் கிடைத்தது.

அர்ஜுனன் கார் சாவியை எடுத்தான்.

"நீங்க வேணாம்."

"நான் அப்பன்டி!"

"அப்பனாவே இருங்க. வீட்டுல இருங்க."

வாடகைக் காரில் போனோம். ஊசி ஏறியது, ஒவ்வொரு குப்பியாக இரத்தம் எடுத்தார்கள். பிறகு முடிவு வந்தது: ஹார்மோன் ஏறவே இல்லை. குறைபாடு உறுதி. தினமும் வீட்டில் ஊசி போட வேண்டும்.

முதல் ஊசியன்று அர்ஜுனன் தொண்டையைச் செருமினான். "கோயில்ல ஒரு தேங்காய் உடைச்சிட்டு வந்து போடலாமே..."

தனேஸ்வரி பிள்ளையின் தொடையைத் துடைத்து, ஊசியைப் போட்டு, பத்து எண்ணி வெளியே எடுத்தாள்.

"இப்பப் போய் உடைங்க."