அண்டங்காகத்துக்கு வைக்காத சோறு

இந்தப் புரட்டாதிச் சனியன்று மனைவி சனீஸ்வரனுக்கு எள்ளுப் பொட்டணியைக் கொளுத்த, மிச்சம் என்ற புறநகரிலுள்ள எங்கள் வீட்டுப் புகை அலாரம் தெருவையே எழுப்பிவிட்டது. துவாயை விசிறி அதை அடக்கிக்கொண்டிருந்தேன். எள்ளெண்ணெய் மணம் அதற்குள் என்னை, மாணவனாக நான் இருந்த பிளேஸ்டோவுக்குக் கொண்டுபோய்விட்டது.

அங்கே பலர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். எனக்குப் பகலில் படிப்பு, மாலையில் பெற்றோல் நிலையத்தில் வேலை. மேல் அறையில் புஷ்பமக்கா, தனி மனுஷி. அவருடைய அகதி வழக்கு ஒருமுறை தள்ளுபடியாகி, அப்பீல் அடுத்த கிழமை என்றிருந்தது. திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நாங்கள் குசுகுசுத்தோம். அக்கா சனிவிரதம் பிடித்தார். விரதச் சோற்றைக் காகம் தொட்ட பிறகுதான் அவர் சாப்பிடுவார். ஜன்னல் விளிம்பில் வைத்தாலோ புறாக்கள்தான் மொய்க்கும். அக்கா பொழுதுபடும்வரை பட்டினி கிடப்பார்.

"டவர் கோட்டையில காகம் எப்பவும் நிக்கும், அக்கா. அதுகள் போனா ராச்சியம் விழுந்திடுமாம்," என்றேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் சோற்றுப் பெட்டியை மடியில் வைத்தபடி அக்கா கதை கேட்டார். நானும் அளந்தேன். கடல் கடந்து வந்த நோர்மன் அரசன், தான் பிடித்த ஊரார் வாலாட்டாமலிருக்கக் கட்டிய கோட்டை. கல்லைக்கூடப் பிரான்சிலிருந்து இறக்கினானாம். தலை வெட்டுப்பட்ட ராணி, தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உலாவுகிறாளாம். உள்ளே போன இளவரசப் பிள்ளைகள் இருவர் திரும்பவேயில்லையாம். பிள்ளைகளுக்கு "ஐயோ பாவம்" என்றவர், அரசனை மட்டும் விடவில்லை.

"அப்ப அவனும் வந்தவன்தானே? அவனிட்டை ஆர் விசா கேட்டது?"

எதிரே இருந்தவர் பத்திரிகைக்கு மேலால் பார்த்தார். அக்கா சத்தத்தைக் குறைக்கவில்லை.

உள்ளே, புல்தரையில் நின்ற பறவையைக் கண்டதும் அக்காவின் முகம் மாறியது. "இது அண்டங்காகமெல்லோ, தம்பி." சிரிக்காதீர்கள். நாங்கள் சனீஸ்வரனுக்குச் சோறு வைப்பது சாதாரணக் காகத்துக்கு. அண்டங்காகம் கத்தினாலே அபசகுனம். பெட்டியைக் கண்ட காவலர் நல்ல மனுஷன். கொடுக்க வேண்டாம், கொத்தும் என்றார். இறைச்சியும் இரத்தத்தில் ஊறவைத்த பிஸ்கட்டும் தின்பவை, பறந்துபோகாமலிருக்கச் செட்டையைக் கொஞ்சம் கத்தரித்திருக்கிறோம் என்றார். நான் தமிழில் சொன்னேன். அக்கா பெட்டியை மூடினார்.

"நிக்கிறம் எண்டுற எங்களைப் போ எண்டுறாங்கள். பறக்கிற காகத்தைச் செட்டை வெட்டி நிப்பாட்டி வைச்சிருக்கிறாங்கள். வா, வெளிய போவம்."

வெளியே, ஒரு காலத்தில் தலை வெட்டிய மேட்டிலே, ஒரு வாங்குப் பலகையில் இருந்தோம். அக்கா மதிலில் சோற்றை வைத்து, "கா, கா" என்று குரல் கொடுத்தார். உல்லாசப் பயணிகள் எங்களைப் படம் பிடித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு அந்த வெட்கத்தின் மேலேயே கோபம் வந்தது. நானும் சேர்ந்து கத்தினேன். அகழிப் பக்கமிருந்து ஆருக்கும் சொந்தமில்லாத ஒரு மெலிந்த காகம் வந்து கொத்தியது.

அக்கா மீதிச் சோற்றைக் குழைத்து எனக்கும் ஒரு கவளம் தந்தார். "இருந்து பார், தம்பி. செட்டை வெட்டாமலே நான் நிப்பன்."

அப்பீலும் தோற்றது. அக்கா மறுபடி போட்டார், பிறகும் போட்டார். ஆண்டுகள் கழித்து விசா கிடைத்தபோது நான் பூரித்துப்போய், "குடுத்திட்டாங்களோ, அக்கா?" என்றேன். "ஓம், அவைக்குக் களைச்சுப்போச்சு," என்றார்.

அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். புறா நிற்கவும் விளிம்பில்லை. ராச்சியம் விழும் கதையே பின்னாளில் கட்டிவிட்டது என்று இப்போது சொல்கிறார்கள். சொல்லட்டும். போன மாரியில் அக்கா பிளேஸ்டோவிலேயே, தன் கட்டிலில் கண்ணை மூடினார். ஒருவராலும் அவரை அனுப்ப முடியவில்லை.

அலாரம் ஓய்ந்ததும் சோற்றோடு பின்வளவுக்குப் போனேன். வேலிக்கு மேலால் அயலவர் பார்த்தார். கூப்பிட அக்காவின் குரல் இல்லை. நான் கூப்பிட்டேன், சத்தத்தைக் குறைக்காமல்.