சச்சி சாமான் சேர்த்த வீடு

சச்சிதானந்தன் லண்டனுக்கு வந்தது ஒரு கிழமைக்குத்தான். ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் பதினெட்டு வருசம் இருந்து, அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் எடுத்து, பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்த மனிதர். 2009 ஏப்ரலில், ஊரில் சண்டையை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் இரவு பகலாகக் கூடி நின்றபோது, தானும் நிற்கவேண்டும் என்று பஸ் ஏறி வந்தார். தோளில் ஒரு பை, அதற்குள் மாற்றிப் போட இரண்டு சேட்டு. படுக்க இடமில்லாமல் நின்ற ஆளை என் மனுசன் அருட்பிரகாசம் தெற்கு லண்டனில் நோர்பரியில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

என் பெயர் பெர்னடெற். ஊர் மன்னார். எனக்கு வாய் நீளம் என்று என் மனுசன் சொல்லுவார். அவருக்கு வாய் இருப்பதே சாப்பிடுவதற்குத்தான் என்பதால் ஒரு வீட்டுக்குத் தேவையானதை நான் ஒருத்தி பேசிவிடுவேன்.

மே மாதத்தில் எல்லாம் முடிந்தது. அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. எங்கள் தெருவில் தமிழ் வீடுகளில் அடுப்பு எரிந்ததோ என்றுகூட ஞாபகமில்லை. ஒருவர் வீட்டில் ஒருவர் போய்ச் சும்மா இருந்தோம். அப்போதுதான் சச்சி சொன்னார்.

“நான் திரும்பிப் போகேல்லை அக்கா. அங்க அழுறதெண்டாலும் தனிய இருந்துதான் அழவேணும். இஞ்ச பக்கத்தில நாலு பேர் இருக்கினம்.”

“பெண்சாதி பிள்ளை?”

“அவையும் இஞ்ச வரட்டும்.”

எங்களுக்குப் பக்கத்து வீடு வாடகைக்குக் கிடந்தது. சச்சி அதை எடுத்தார். ஒரு மொத்த வியாபாரக் கடையில் வேலையும் கிடைத்தது. ஜெர்மனியில் இருந்த மனைவி ஜெயகௌரிக்கும் பதினாலு வயது மகள் துஷ்யாவுக்கும் போன் எடுத்துச் சொன்னார். ஜெயகௌரி வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. “முதல் வீட்டை வீடாக்குங்கோ, பிறகு பாப்பம்” என்றாராம். ஆம்பிளைகளுக்கு இது போதும். செப்டெம்பரில் பள்ளிக்கூடம் தொடங்கும், அதற்கு முதல் வீடு நிறைந்தால் அவர்கள் வந்துவிடுவார்கள் என்று சச்சி தானாகவே முடிவுகட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த மனிதருக்கு ஓய்வுநாள் என்று ஒன்று இருந்ததை நான் காணவில்லை. ஷிப்ட் இல்லாத நேரமெல்லாம் பழைய தளபாடக் கடை, சனம் தானமாகக் கொடுத்ததை விற்கும் தர்மக் கடை, ஞாயிறு விடிய மைதானத்தில் காரின் பின்பக்கத்தைத் திறந்து வைத்து விற்கும் சந்தை என்று திரிந்தார். புதுச் சாமான் வாங்கும் எண்ணமே அவருக்கு இல்லை. “பழசு எண்டா நிண்டு காட்டின சாமான் அக்கா” என்பார். ஒவ்வொரு லாச்சியையும் இழுத்துப் பார்ப்பார், உள்ளே மூக்கை விட்டு மணந்தும் பார்ப்பார். பிறகுதான் எங்கள் மானத்தை வாங்கும் கேள்வியைக் கேட்பார். செத்த வீட்டுச் சாமானா இல்லையா என்று தெரியாமல் அவர் எதையும் வாங்கமாட்டார். தர்மக் கடையில் காசு வாங்கும் அந்தப் பாவப்பட்ட வெள்ளைக்கார மனுசியிடம், ஒரு கட்டிலைக் காட்டி, தனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில், “இதில் படுத்தவர் உயிரோடு இருக்கிறாரா?” என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

கட்டில் பழசாக இருக்கலாம், மெத்தை மட்டும் புதிது வேண்டும் என்றார். அதில் அவர் சொன்னது சரி என்பதால் நானும் வாய் திறக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டி வந்த அன்று அவர் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். நான் சும்மா இருப்பேனா? தேவாலயத்தில் இருந்து கொண்டுவந்து வைத்திருந்த தீர்த்தத்தை நானும் தெளித்தேன். இரண்டு சமயத்து ஆசீர்வாதமும் வாங்கிய அந்தப் பெட்டி மூன்றாம் நாள் நின்றுபோனது. கடைக்காரன் ஒன்றும் பேசாமல் வேறு மாற்றித் தந்தான்.

ஆனால் பகிடியை விடுங்கள். அவர் சாமான் தெரிவு செய்யும்போது பக்கத்தில் நின்று பார்க்க எனக்கு நெஞ்சு நோகும். ஒரு மேசையைத் தொட்டு, “இதில துஷ்யா இருந்து படிச்சா யன்னல் வெளிச்சம் இடப்பக்கமா விழும்” என்பார். ஒரு அலுமாரியைத் திறந்து, “கௌரியின்ர சீலை மடிச்சு வைச்சா எத்தினை பிடிக்கும் அக்கா?” என்று கேட்பார். குசினிச் சுவரில் சாமான் அடுக்கும் தட்டுகளை அவர் தன் உயரத்துக்குப் பூட்டவில்லை. கையைத் தன் காதளவுக்கு உயர்த்தி, “கௌரிக்கு இந்தளவுதான் எட்டும்” என்று அளந்து பூட்டினார். இந்த வீட்டில் இல்லாத இரண்டு பேரை அவர் அறை அறையாக நடக்க விட்டிருந்தார். அவர் பேச்சைக் கேட்டுக் கேட்டு நானும் அந்தப் பிள்ளை படியால் இறங்கி வரும் சத்தத்தை எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டேன். என் மகன் வேலைக்கென்று வேறு நகரம் போய்விட்டான். பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை இருந்தால் எனக்கும் நல்லதுதானே?

ஜெயகௌரி மேல் எனக்குக் கோபம் கோபமாக வரும். இப்படி ஒரு மனுசன் கிடைக்க எத்தனை பேர் நேர்த்தி வைக்கிறார்கள், இவளுக்கு என்ன கொழுப்பு என்று அருட்பிரகாசத்திடம் கத்துவேன். அவர் சோற்றைப் பிசைவார்.

ஜூலைக் கடைசியில் எல்லாம் வந்துவிட்டது. சாப்பாட்டு மேசை ஒன்றுதான் குறை. மேசை என்றால் எங்கள் சச்சிக்குச் சும்மா மேசை இல்லை. ஆறு பேர் சுற்றி இருந்து சாப்பிடவேண்டும். தாங்கள் மூன்று பேர், நாங்கள் இரண்டு பேர், இன்னும் யாராவது சொல்லாமல் வந்தால் ஒரு கதிரை. “ஜெர்மனியில ஒருதரும் சொல்லாமல் வரமாட்டினம் அக்கா” என்று பெருமூச்சு விட்டார். மேசை வந்ததும் போன் எடுத்து, வீடு முடிந்தது, வாருங்கள் என்று சொல்வது அவருடைய திட்டம்.

ஒரு சனிக்கிழமை காலை, இரவு ஷிப்ட் முடிந்து வரும் வழியில் அது கிடைத்தது. தோர்ன்ரன் ஹீத் பக்கம் ஒரு குறுக்குத் தெருவில், ஒரு வீட்டின் முன்னால், நடைபாதையில், பழுப்பு நிறத் தேக்குப்போல் ஒரு மேசையும் ஆறு கதிரைகளும். பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஜெர்மனியில் சச்சி இருந்த ஊரில் குறிப்பிட்ட ஒரு நாளில் எல்லாரும் தங்களுக்கு வேண்டாத தளபாடத்தை வீட்டு வாசலில் வைப்பார்களாம். யாரும் எடுக்கலாம். எங்கள் ஆட்கள் அங்கே பாதி வீட்டை அப்படித்தான் நிரப்பியிருக்கிறார்கள். சச்சிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டதாம். அருட்பிரகாசத்துக்குப் போன் எடுத்து, “அண்ணை, ஓடி வாங்கோ, ஆரும் தூக்க முதல் நாங்கள் தூக்கவேணும்” என்றார். என் மனுசன், தான் வேலை செய்யும் மரக்கறிக் கடையின் சாமான் ஏற்றும் வானைக் கொண்டுபோனார். லண்டனில் இருபது வருசம் இருந்த மனிதர், ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேள்வி கேட்டால் வாய் தேய்ந்துவிடும்.

இரண்டு பேரும் ஏற்றிக்கொண்டு வந்து, சச்சி வீட்டு முன்னறையில் போட்டு, துடைத்து, நான் தேத்தண்ணி ஊற்றி, அந்த மேசையில் இருந்து குடித்தோம். சச்சி தலைப்பக்கத்துக் கதிரையில் இருக்கவில்லை. “அது கௌரிக்கு” என்றார்.

தேத்தண்ணி ஆற முதல் கதவு இடிபட்டது. வாசலில் ஒரு ஜமேக்கா அம்மா, அறுபது வயதிருக்கும், இரண்டு பக்கத்திலும் மலைபோல இரண்டு மகன்கள். அவர்கள் மேசை கிடந்த வீட்டை விட்டுப் போனவர்கள் இல்லை, அன்றுதான் அங்கே குடிவந்தவர்கள். முதல் லோடை இறக்கி வைத்துவிட்டு, அடுத்த லோடை எடுத்துவரப் போன அரை மணித்தியாலத்தில் மேசை போய்விட்டது. எதிர்வீட்டுக்காரன் வானில் இருந்த கடைப் பெயரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறான். கடையில் விசாரித்து நேரே இங்கே வந்துவிட்டார்கள்.

சச்சிக்கு வெட்கத்தில் இருந்த இங்கிலீஷும் போய்விட்டது. டொச்சில், அதுதான் ஜெர்மன் பாசையில், மன்னிப்புக் கேட்டார். பிறகு தமிழில் கேட்டார். நான்தான் நடந்ததை எல்லாம் சொன்னேன். அந்த அம்மா முதலில் பொலிஸ் என்றா, பிறகு நெற்றியில் கை வைத்தா, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. சிரித்து முடித்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தா. எல்லாம் விரித்து அடுக்கிக் கிடந்தது. “உன் குடும்பம் எங்கே?” என்று கேட்டா. “வருகிறார்கள்” என்றார் சச்சி. அந்தச் சொல் மட்டும் அவருக்கு இங்கிலீஷில் சுத்தமாக வந்தது.

சச்சியும் என் மனுசனும் மேசையைத் திருப்பி ஏற்றி, அந்த அம்மா காட்டிய அறையில் கொண்டுபோய் வைத்து, மிச்ச லோடையும் இறக்கிக் கொடுத்துவிட்டுப் பின்னேரம்தான் வந்தார்கள். சச்சியின் முகம் வாடிக் கிடந்தது. சாப்பாடு போட்டேன். தின்றுகொண்டிருக்கும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “துஷ்யாவுக்குச் சொன்னா உருண்டு பிரண்டு சிரிப்பாள் அக்கா” என்று எங்கள் போனைத் தூக்கினார். எங்கள் போனில் கையில் பிடிக்கும் துண்டு பழுது. ஸ்பீக்கரில்தான் கதைக்கலாம், வீட்டில் எல்லாருக்கும் கேட்கும்.

சச்சி நன்றாக மசாலா போட்டுக் கதையைச் சொன்னார். துஷ்யா அந்தப் பக்கம் மூச்சு முட்டச் சிரித்தாள்.

“அப்பா, நல்ல காலம் நீங்கள் இஞ்ச இல்லை. கடைக்காரர் எங்கட புது சோபாவை இறக்கி ரோட்டில வைச்சவங்கள். அதையும் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பீங்கள்!”

“என்ன புது சோபா?”

ஆகஸ்ட்டில் வீட்டை விட்டு வெளிக்கிடப் போகிறவள் ஜூலையில் புது சோபா வாங்குவாளா? எனக்கு விளங்கிவிட்டது. சச்சிக்கும் விளங்கிவிட்டது. கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது.

ஜெயகௌரியின் குரல் வந்தது. நான் நினைத்து வைத்திருந்த குரல் அல்ல. மெல்லிய, களைத்த குரல்.

“நான் சொல்லத்தான் இருந்தனான். கட்டில் வாங்கினன் எண்டு சொன்னீங்கள், அண்டைக்குச் சொல்லுவம் எண்டு நினைச்சன். பிறகு அலுமாரி எண்டு சொன்னீங்கள். அவ்வளவு சந்தோசமாச் சொல்லேக்க நான் எப்பிடிச் சொல்லுறது?”

“அப்ப நீர் வரமாட்டீர்.”

“எனக்கு ஏலாதப்பா. ஊரை விட்டு ஒருக்கா வெளிக்கிட்டதே போதும். ஒரு பாசையைப் படிச்சு, முதியோர் இல்லத்தில வேலை எடுத்து, இப்பதான் நாலு சனம் என்ர பேரைச் சரியாச் சொல்லுது. திரும்ப முதல்ல இருந்து தொடங்கச் சொல்லாதேங்கோ. நீங்கள் ஒரு கிழமை எண்டுதானே போனீங்கள்.”

இவ்வளவு நாளும் நான் திட்டித் தீர்த்த பெண். அவள் சொன்னதில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை.

சச்சி கையில் இருந்த சோற்றை உதறினார். பிறகு, “சோபாவில எத்தினை பேர் இருக்கலாம்?” என்று கேட்டார்.

“மூண்டு பேர். ரெண்டு பேர் இருக்கிறதும் கடையில இருந்தது. நான் மூண்டு பேரின்ரதான் எடுத்தனான்.”

“இருக்கச் சொகமோ?”

“தெரியாது. நீங்கள் வராமல் ஆர் அதில இருக்கிறது? சுத்தி வந்த பொலித்தீன்கூட இன்னும் கழட்டேல்லை. நானும் பிள்ளையும் நிலத்திலதான் இருக்கிறம்.”

சச்சி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்காக நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும், ஊரெல்லாம் பேசுகிறவள் நான்தானே. ஆனால் அந்த மனிதர் போவதில் எனக்கு விருப்பமில்லை. பக்கத்து வீட்டில் வெளிச்சம் எரியவேண்டும் என்று என் மனம் பிடிவாதம் பிடித்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அருட்பிரகாசம் தன் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, போனுக்குக் கிட்டக் குனிந்தார்.

“தங்கச்சி,” என்றார், “ஆள் வாறார்.”