ராட்சசி என்று கூப்பிடாத நாட்கள்

போன வாரம் வேப்பூர் ரோட்டில் சொந்தக்காரர் ஒருவர் புது வீடு குடிபோனார். போயிருந்தேன். வாசலில் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. நிலைக்கு மேலே திருஷ்டிக்கு ஒரு ராட்சச முகம் தொங்கியது. பிளாஸ்டிக். காற்றுக்கு அட்டை மாதிரி ஆடியது. கண் இரண்டும் அச்சடித்த கண். பந்தலில் சாப்பிட உட்கார்ந்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இலைக்காரர் "என்னாங்க, வடை ஆறுது" என்றார்.

அந்த முகத்தைப் பீங்கானில் செய்யும் கொட்டகையில் பதினோரு வருடம் இருந்தவள் நான். எங்கள் விருத்தாசலத்தில் அப்படிச் சின்னச் சின்னக் கொட்டகைகள் நிறைய. அச்சில் ஊற்றி எடுத்து, சூளையில் சுட்ட பிறகு முகங்கள் எங்கள் வரிசைக்கு வரும். ஆறு பெண்கள். ஒருத்தி சிவப்பு அடிப்பாள். ஒருத்தி மீசை போடுவாள். எனக்குப் பல். அஞ்சலைக்குக் கண்.

பல் எனக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். சேர்ந்த புதிதில் ஒரு முகம் முழுக்க என்னிடம் கொடுத்துப் பார்த்தார்கள். எழுதி முடித்து நிமிர்த்தினால், விருந்து சாப்பிட்டு வெற்றிலை போட்ட சம்பந்தி மாதிரி சிரிக்கிறது. அஞ்சலை அதைத் தூக்கிப் பார்த்தாள். "அடி ராட்சசி, இது பேய வெரட்டுமா, உள்ள கூப்ட்டு காப்பி போட்டுக் குடுக்குமா?" கொட்டகையே சிரித்தது. அன்றிலிருந்து எனக்குப் பல் மட்டும்.

ராட்சசி என்பது எங்கள் வரிசையில் காற்று மாதிரி. எந்நேரமும் இருக்கும். இரண்டு நாள் வேலையை ஒரு நாளில் முடித்தால் ராட்சசி. அடுத்தவள் சாப்பாட்டு டப்பாவிலிருந்து கருவாட்டை எடுத்துவிட்டால் ராட்சசி. என் வீட்டுக்காரர் சண்டையிலும் அப்படித்தான் கூப்பிடுவார், ஜுரத்தில் கஞ்சி கொடுத்தால் சிரித்துக்கொண்டும் அப்படித்தான் கூப்பிடுவார். ராத்திரி தூங்க விடாத பிள்ளைக்கும் அந்தப் பெயர்தான். பேப்பரில் பெரிய கிரேன் வந்தால் அதுவும் ராட்சதக் கிரேன். கோயிலில் அம்மன் காலடியில் கிடப்பவன் ஒருத்தன்தான் நிஜமாகக் கெட்டவன் என்று நினைக்கிறேன். அவனையும் சேர்த்துத்தான் கும்பிடுகிறோம்.

எங்களில் அந்த வார்த்தை அதிகம் வாங்கியவள் அஞ்சலை. வாய் அப்படி. கையும் அப்படி. இரண்டே இழுப்பில் கண் வந்துவிடும். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து காலை பஸ்ஸில் வருவாள். அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பேச்சு தொடங்கிவிடும்.

ஒரு தை மாதம் அவள் வீட்டு ஸ்டவ் வெடித்தது. இடது பக்கம் முழுக்க. கன்னம், காது, கழுத்து. பெரியாஸ்பத்திரியில் நாலு மாதம் கிடந்தாள். பிழைத்ததே பெரிது என்றார்கள். திரும்ப வேலைக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள்.

அவள் வருவதற்கு முந்தின நாள் எங்களில் மூத்தவரான பூங்காவனம் அக்கா எல்லோரையும் உட்கார வைத்தது. "நாளைக்கு அஞ்சல வருது. எவளாவது அந்த வார்த்தைய வாயில எடுத்தீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்." எல்லோரும் தலையாட்டினோம். நான் இன்னும் ஒரு படி போனேன். காய வைத்த முகங்களைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். கண் எழுதும் வேலையிலிருந்து அவளை எடுத்து, அதே கொட்டகையில் செய்யும் கரண்ட் பீஸ் கட்டைகளை அட்டைப்பெட்டியில் அடுக்கும் வேலைக்குப் போடச் சொன்னதும் நான்தான். அந்த முகங்களை அவள் பார்க்க வேண்டாம் என்று. ஓனர் சரி என்றார். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

வந்தாள். முந்தானையை இழுத்து அந்தப் பக்கத்தை மூடியிருந்தாள். "வாங்க" என்றோம். அதுவரை அவளை யாரும் வாங்க என்றது கிடையாது. டீ வந்தால் முதல் டம்ளர் அவளுக்கு. எட்டு நாள் இப்படி. வரிசையில் பேச்சே இல்லை. எதைச் சொன்னாலும் அந்த வார்த்தை வந்துவிடுமோ என்று பயம். பிரஷ் டப்பாவில் தட்டும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

ஒன்பதாம் நாள் எழுந்து வந்து, சுவர்ப் பக்கம் இருந்த ஒரு முகத்தைத் திருப்பினாள்.

"கண்ணு யாரு எழுதுறது?"

"நான்தான்."

"மாறுகண்ணா இருக்குது."

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானை விலகியிருந்தது. இழுத்துக்கொள்ளவில்லை.

"ஏண்டி, நான் வந்து எட்டு நாளாவுது. ஒருத்தி கூட என்ன ராட்சசின்னு கூப்புடல. வூட்லயும் இதே மாதிரிதான் வாங்க போங்கன்னு பயந்துகினு இருக்காங்க. இங்கயாவது திட்டுவீங்கன்னுதான் பஸ் ஏறி வந்தேன்."

பூங்காவனம் அக்கா தலையைக் குனிந்துகொண்டது.

"நீ சொல்லு," என்றாள் என்னிடம். "ஒரே ஒரு வாட்டி. கேட்டுட்டு நான் பாட்டுக்கு வேலையப் பாக்குறேன்."

வாயைத் திறந்தேன். அவள் கன்னத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அழுகைதான் வந்தது.

"அழுவாத," என்றாள். குரலில் கோபம் கூட இல்லை. "பெயிண்ட்டுல சொட்டும்."

போய்ப் பெட்டி அடுக்கினாள். சாயங்காலம் வரைக்கும் அடுக்கினாள். மறுநாள் வரவில்லை.

ஒரு வாரம் பொறுத்து முறுக்கு வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வாசலிலேயே இருந்தாள். முள்ளுக்கிழிசல் விழுந்த பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"கரும்பு வெட்டப் போறேன்," என்றாள். "அங்க கரும்புத் தோகையில இருக்குற சொன பட்டா அரிக்கும். எல்லாப் பொம்பளைங்களும் மூஞ்சியச் சுத்தித் துண்டு கட்டிக்கினுதான் நிக்கிறாங்க. யாரு எப்புடி இருக்கான்னு எவளுக்கும் தெரியாது. வாய்க்கு வந்தபடி பேசுறாளுங்க. நல்லா இருக்குது."

நான் பாடம் பண்ணிக்கொண்டு வந்ததைச் சொல்ல இடமில்லை. முறுக்கைக் கொடுத்தேன். "போயிட்டு வரேன்" என்றேன். சரி என்றாள்.

அதற்குப் பிறகு கண்ணை நான்தான் எழுதினேன். கொஞ்சம் பழகியது. பிறகு கொட்டகையை மூடிவிட்டார்கள். இப்போது அங்கே சிமெண்ட் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். பூங்காவனம் அக்கா இல்லை. வீட்டுக்காரரும் இல்லை. பிள்ளைகள் என்னிடம் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள்.

அஞ்சலை வீடும் அங்கே இல்லை. எங்கோ குடி மாறிவிட்டார்கள் என்றார்கள். அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் ஜன்னலோரம் உட்காருவேன். கரும்புக் கொல்லையில் பெண்கள் நிற்பார்கள், முகத்தைச் சுற்றித் துண்டு கட்டி. ஒருத்தி நிமிர்ந்து பஸ்ஸைப் பார்ப்பாள். கண் மட்டும் தெரியும். அதற்குள் பஸ் தாண்டிவிடும்.