கறுப்பு ஜன்னலில் வந்த பதில்

நாங்கள் மராத்திக்காரர்கள் ஊரான வாகடுக்குக் குடிவந்த முதல் வருடம். கோவையில் என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. "போட்டோவ அவரு மெயில்ல அனுப்பியிருக்கறாருக்கா, பாரு" என்று ஆஸ்பத்திரியிலிருந்தே போன் செய்தாள். ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைப் போட்டால் இன்டர்நெட் இல்லை. கணவர் ஹிஞ்சவடி ஆபீஸில் மீட்டிங்கில் இருந்தார். சாயங்காலம்வரை யார் பொறுப்பது? இன்டர்நெட் இணைப்புக் கொடுத்த கேபிள்காரரை நானே போனில் கூப்பிட்டேன்.

நல்லவேளை, அவர் எங்கள் கட்டடத்து மொட்டை மாடியில்தான் வேலையாக இருந்தார். செல்போனில் மளமளவென்று இந்தியில் பொழிந்தார். எனக்கோ காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் இந்தி. எதிர் வீட்டு மராத்தி அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அண்ணி என்ற அர்த்தத்தில் அவரை வஹினி என்றுதான் கூப்பிடுவேன். அவர் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. போன் அவர் காதில், கீபோர்டு என் கையில்.

ஸ்டார்ட், ரன், அதில் சி எம் டி என்று ஒவ்வொன்றாக ஒப்பித்தார். என்டரைத் தட்டினேன். கன்னங்கரேலென்று ஒரு ஜன்னல் திறந்தது. படமில்லை, பட்டனில்லை. ஒரு சின்னக் கோடு மட்டும் விட்டுவிட்டு மின்னியது.

"ஐயோ, கெட்டுப்போச்சு!"

என் முகத்தைப் பார்த்தே வஹினிக்குப் புரிந்துவிட்டது. போனில் விசாரித்துவிட்டுச் சிரித்தார். "யஹீ ஹை, யஹீ!" இதேதானாம்.

அடுத்து 'பிங்', ஸ்பேஸ், சில எண்கள். நான் ஸ்பேஸ் என்பதையும் எழுத்தெழுத்தாக அடித்துவைத்தேன். ஜன்னல் ஏதோ கோபமாகச் சொன்னது. வஹினி மறுபடி கேட்டு, இரண்டு விரலை விலக்கி இடைவெளி காட்டினார். திரும்ப அடித்தேன். 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' என்று வரிவரியாக இறங்கத் தொடங்கியது. பதில் இல்லை என்று அர்த்தமாம். மேலே அவர் வயரை மாற்றுவார், வரி மாறினால் நாங்கள் சொல்ல வேண்டும்.

இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தோம். அதே வரி, அதே வரி. சட்டென்று 'ரிப்ளை ஃப்ரம்' என்று ஒன்று விழுந்தது. அடுத்ததும் அப்படியே.

"வந்துருச்சு! வந்துருச்சுங்க!" என்று கத்தினேன். கையில் போன் இருப்பதையே மறந்து வஹினி வாசலுக்கு ஓடி, மாடிப்படியைப் பார்த்து "ஆலா! ஆலா!" என்று அதையே மராத்தியில் கூவினார். நான் தட்டிய ஒரு சொல்லுக்கு எங்கிருந்தோ ஒரு இயந்திரம் விடாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

மெயிலைத் திறந்தேன். போட்டோ மேலிருந்து மெல்ல மெல்ல இறங்கியது. முதலில் வெள்ளைத் துண்டு, பிறகு நெற்றி, இறுக மூடிய கண்கள். வஹினி சமையலறையிலிருந்து சர்க்கரையை அள்ளிவந்து என் வாயில் போட்டார்.

உடனே தங்கைக்குப் போன் செய்தேன். கறுப்பு ஜன்னலைத் திறந்தது, பிங் அடித்தது, பதில் வந்தது என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனேன். நடுவில் புகுந்து அவள் கேட்டாள்:

"அக்கா, கொழந்தையப் பாத்தியா, இல்லியா?"